உறக்கத்துக்கு ஒரு சட்டம்

இரவு மணி ஒன்பது. ஊர் உறங்கப் போகும் வேளையிலே, ஒரு சட்டம் கண் விழிக்கிறது.

அமெரிக்க நாட்டுத் தலைநகராம் வாஷிங்டனை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்திலே, மான்ட்கோமரி கவுண்டி என்றொரு பகுதி இருக்கிறது. கவுண்டி என்பதை நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் மாவட்டத்தை ஆள்பவர் மேலிருந்து அனுப்பப்பட்டு வருகிறவர். அங்கோ, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், தாமே தேர்ந்தெடுத்த மன்றத்தைக் கொண்டு, தமக்கு வேண்டிய சட்டங்கள் பலவற்றைத் தாமே ஆக்கிக்கொள்கிறார்கள். அவற்றுள் ஒன்று ஓசையைப் பற்றியது. குடியிருப்புப் பகுதியிலே பகலில் 65 டெசிபல் வரை ஓசை இருக்கலாம். இரவு 9 மணி அடித்ததும் எல்லை 55 ஆகக் குறைகிறது. காலை 7 மணி வரை அந்தக் கட்டுப்பாடு. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களிலே காலை 9 மணி வரை. வாரமெல்லாம் உழைத்தவன் ஓய்வு நாளிலே கூட இரண்டு மணி நேரம் அதிகம் உறங்கட்டும் என்று சட்டமே எண்ணிப் பார்த்திருக்கிறது!

65-க்கும் 55-க்கும் பத்துதானே வேறுபாடு என்று எண்ணிவிட வேண்டாம். டெசிபல் கணக்கு கடைத்தெருக் கணக்கன்று. பத்து எண் இறங்கினால், ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. காதுக்கு ஏறத்தாழப் பாதியாகக் கேட்கிறது. அந்நாட்டிலே 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலே அமைதி நேரம் இரவு 10 முதல் காலை 7 வரை. குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல். வேறு சில இடங்களிலே எண்ணே கிடையாது. புகார் கேட்டு வரும் காவலரின் காதே அளவுகோல்.

ஓசைக்கு ஒரு வரம்பு, உறக்கத்துக்கு ஒரு நேரம் — இதிலே வரலாறு பேச என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். இருக்கிறது, தோழரே, நிறைய இருக்கிறது! எந்த ஓசை தொல்லை, எந்த ஓசை தொழில், எந்த ஓசை தெய்வீகம் என்று தீர்ப்பளித்தவர் யார்? எவருடைய காது நொந்தபோது சட்டம் துடித்தது? எவருடைய காது கிழிந்தபோதும் அது வாளாவிருந்தது? அமைதி என்ற சொல்லுக்குப் பின்னாலே ஆயிரம் ஆண்டுப் போராட்டம் ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

உரோமாபுரியைப் பாருங்கள். கி.மு. 45-ஆம் ஆண்டை ஒட்டி, ஜூலியஸ் சீசரின் பெயரால் வழங்கும் சட்டமொன்று, பகலின் பெரும் பொழுதிலே பாரவண்டிகள் நகரத்துக்குள் நுழையலாகாது என்றது. பகலிலே தெருவில் நெரிசல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் வண்டிகள் எங்கே போகும்? இரவிலே வந்தன. கல் பாவிய தெருவிலே, இரும்புப் பட்டையிட்ட சக்கரம், இருட்டு நேரத்திலே! தோட்டம் சூழ்ந்த மாளிகையிலே, தெருவுக்கு எட்டி அமைந்த உள்ளறையிலே, பிரபுக்கள் உறங்கினர். தெருவை ஒட்டி எழுந்த அடுக்கு வீடுகளிலே, கூலி மக்கள் கொட்டக் கொட்ட விழித்திருந்தனர்.

இங்கிலாந்துக்கு வருவோம். கவுண்டி என்ற சொல்லும், கவுண்டியின் காவல் தலைவனைக் குறிக்கும் ஷெரீப் என்ற சொல்லும் அமெரிக்காவுக்குப் போனது அங்கிருந்துதான். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வழங்கிய இலண்டன் நகரத்துத் தெரு விதிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேல் எவரும் கொம்பு ஊதக் கூடாது, சீழ்க்கை அடிக்கக் கூடாது, ஊதினால் சிறை. கொல்லர், கன்னார் போன்று சம்மட்டி பிடிப்போர் இரவு ஒன்பதிலிருந்து காலை நான்கு வரை வேலை செய்யலாகாது. அந்த வரிசையிலே இன்னொரு விதி வருகிறது: ஒன்பது மணிக்குப் பிறகு, அயலார் அமைதி குலையும்படித் திடீர்க் கூச்சல் எழச் செய்யலாகாது — சண்டையிடுவதாலோ, பாடிக் களிப்பதாலோ, மனைவியையோ வேலையாளையோ அடிப்பதாலோ! மீறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம்.

இதை இரண்டாம் முறை படியுங்கள். மனைவியை அடிப்பது குற்றமென்று அவ்விதி கூறவில்லை. ஒன்பது மணிக்கு மேல் அடித்தால், அவள் அலறுவாள், அலறினால் அடுத்த வீட்டுக்காரர் உறக்கம் கெடும், ஆகவே தண்டம். எட்டரை மணிக்கு அடித்தவனைப் பற்றி அந்த விதிக்கு ஒரு கவலையும் இல்லை! அவளுடைய முதுகுக்கு விழும் அடியைச் சட்டம் எண்ணவில்லை; அடுத்த வீட்டானின் காதிலே விழும் ஓசையைத்தான் எண்ணிற்று. கணவன் கைக்கு உரிமை, அயலான் காதுக்கு உரிமை, அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பொற்காலம் என்று புலவர் புகழும் எலிசபெத் ராணியின் காலம் அது. அரியணையிலே அமர்ந்திருந்ததும் ஒரு பெண்!

அன்று தொட்டு அமைதிச் சட்டத்தின் இயல்பு இதுவாகவே இருந்து வந்தது. கேட்பவனைக் காக்கும், ஆனால் கேட்பவன் யார் என்று பார்த்துத்தான் காக்கும்.

19-ஆம் நூற்றாண்டு இலண்டனிலே இந்த இயல்பு இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. கணிப்பொறிக்கு முன்னோடியான இயந்திரங்களை வகுத்த அறிஞர் சார்லஸ் பாபேஜ் அந்நகரத்தில் வாழ்ந்தார். மாபெரும் மூளை; ஐயமில்லை. அந்த மூளை தெருப் பாடகரிடம் மாட்டிக்கொண்டு படாதபாடு பட்டது. கைச்சுழல் இசைப்பெட்டிக்காரர் — பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் — வீதிதோறும் வாசித்துக் காசு கேட்பர். பன்னிரண்டு ஆண்டுகளிலே தம் உழைக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கை இவர்கள் அழித்துவிட்டதாகப் பாபேஜ் எழுதினார். தெரு இசையை ஆதரிப்போர் யாரெனவும் ஒரு பட்டியல் போட்டார்: சாராயக் கடைக்காரர், பீர்க்கடைக்காரர், வேலைக்காரர், குழந்தைகள்! நீதிமன்றத்துக்கு அவர் நடையாய் நடந்தார். தெருச் சிறுவர்கள் கேலி செய்துகொண்டே பின்னால் நடந்தனர்.

1864-இலே சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் மைக்கேல் தாமஸ் பாஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர்; மதுவடிக்கும் தொழிலதிபர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் முதலாகப் பெரும் எழுத்தாளரும் ஓவியரும் கையெழுத்திட்டு ஆதரவு தெரிவித்தனர். வீட்டுக்காரர் தாமாகவோ, தம் வேலையாள் மூலமாகவோ, காவலர் மூலமாகவோ பாடகனை அகலச் சொல்லலாம். நோயாளி இருக்கிறார் என்றோ, என் அலுவல் கெடுகிறது என்றோ காரணம் சொன்னால் போதும். ‘தம் வேலையாள் மூலமாகவோ’ — அந்த ஒரு சொற்றொடர் போதாதா, சட்டம் எந்த வீட்டுக் கூடத்திலே பிறந்ததென்று காட்ட?

பாபேஜ் பட்ட துன்பம் பொய்யென்று சொல்ல வரவில்லை. எழுத்தும் எண்ணமும் தொழிலாகக் கொண்டவனுக்கு அமைதி ஒரு கருவி. தச்சனுக்கு உளி போல. அந்தக் கருவியைப் பறிப்பது அநீதிதான். ஆனால் அதே இலண்டனிலே, அதே ஆண்டிலே, இருப்புப்பாதையின் ஓரத்துச் சந்துகளிலே வாழ்ந்தவரின் உறக்கத்தை நீராவி வண்டி கிழித்துக்கொண்டு போயிற்று. கொதிகலன் செய்யும் பட்டறையிலே வேலை செய்தவர் சில ஆண்டுகளிலே செவிடாயினர். கொதிகலன் தொழிலாளர் செவிடு என்று மருத்துவர் ஒரு பெயரே வைத்தனர். அந்தச் சுத்தியலோசையை அகலச் சொல்ல வேலையாளை அனுப்ப முடியுமா? இசைப்பெட்டிக்காரனை விரட்டிய சட்டம் அந்தப் பட்டறை வாயிலைக் கூட எட்டிப் பார்க்கவில்லை.

இனி அமெரிக்கா. நியூயார்க் நகரிலே, ஹட்சன் ஆற்றை நோக்கிய மாளிகையிலே, ஜூலியா பார்னெட் ரைஸ் என்ற சீமாட்டி வாழ்ந்தார். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். கணவரோ நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் நிறுவனத்தின் அதிபர். ஆற்றிலே ஓடிய இழுவைப் படகுகள் இரவெல்லாம் ஊதுகுழல் அலற விட்டன. சீமாட்டிக்கு உறக்கம் இல்லை.

இதுவரையிலே பாபேஜ் கதைதான். ஆனால் அம்மையார் அடுத்துச் செய்தது வேறு. புலம்பவில்லை, எண்ணினார்! கொலம்பியாப் பல்கலைக் கழக மாணவர்களை ஆற்றங்கரையிலே உட்கார வைத்து, ஒவ்வோர் ஊதலையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஒரே இரவிலே சுமார் 3,000 ஊதல்கள்! மோதலைத் தவிர்ப்பதற்கென எழுந்தவை அவற்றுள் சிறு பகுதியே. மற்றவை, கரையிலே உறங்கும் கூட்டாளியை எழுப்பவும், தெரிந்தவருக்கு முகமன் கூறவும். ‘கப்பல் தொழிலுக்கு இன்றியமையாதது’ என்ற வாதம் அந்தக் குறிப்பேட்டின் முன்னால் குப்புற விழுந்தது.

பிறகு அவர் மருத்துவமனைகளுக்குப் போனார். ஆற்றோரத்திலே இருந்த பொது மருத்துவமனைகளிலே ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகள் அந்த ஊதல்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தனர். சன்னலை மூடினால் காற்றில்லை, திறந்தால் உறக்கமில்லை. மாளிகையிலே தொடங்கிய வழக்கு மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்ததும் அதன் முகமே மாறிற்று. 1906-இலே தேவையற்ற ஓசையை அடக்கும் சங்கம் தோன்றியது. 1907-இலே காரணமில்லாத படகு ஊதலைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்கள் அமைதிப் பகுதிகள் ஆயின. மருத்துவமனை அருகே சத்தமிட மாட்டோம் என்று பள்ளிச் சிறுவர்கள் உறுதி எடுத்துக்கொண்ட இயக்கத்துக்கு, எழுத்தாளர் மார்க் ட்வைன் மதிப்புறு தலைவராக இருந்தார்.

எண்ணுதல் — அறிவு இயக்கத்துக்கு இதைவிடக் கூரிய கருவி ஏது? ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது சீமானின் சொல். ‘இத்தனை முறை, இந்த நேரத்திலே, இத்தனை பேர் கட்டிலருகே’ என்பது சான்று. 1929-இலே நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை ஓர் ஓசைக் குழுவை அமைத்தபோது இந்த வழியே பெருவழியாயிற்று. தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலே அப்போதுதான் டெசிபல் என்ற அலகு பிறந்திருந்தது. அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நகரமெங்கும் சுற்றி, பத்தாயிரம் அளவீடுகள் எடுத்தது. மக்களிடம் வினாத்தாள் தந்து பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றனர். 1930-இலே அறிக்கை வெளிவந்தது. நகரின் இரைச்சல் மிகுந்த தெருவிலே புலி ஒன்று உறுமினாலும் வழிப்போக்கர் காதிலே விழாது என்ற கணக்கை அதிலே எழுதி வைத்தனர். புலியைத் தெருவிலே விட்டுச் சோதித்தாரா என்று கேட்காதீர்கள், அளந்துதான் சொன்னார்கள்.

அளவுகோல் கைக்கு வந்தது. நீதியும் கூடவே வந்ததா? 1935 அக்டோபரில் நகரத் தலைவர் லகார்டியா அமைதி இரவுகளை அறிவித்தார். 1936-இலே ஓசைத் தடைச் சட்டம் வந்தது. அதே 1936-இலே அவர் செய்த இன்னொரு செயல், தெரு இசைப்பெட்டிக்காரருக்கு உரிமம் இல்லை என்று விரட்டியது! லகார்டியா தாமே இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனிலே 72 ஆண்டுகளுக்கு முன் விரட்டப்பட்ட ஏழை, கடல் கடந்து வந்தும் விரட்டப்பட்டான். தலைக்கு மேலே தூண்களிலே ஓடிய இரயிலோ, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்த இடத்திலே, மேடையையும் ஒலிபெருக்கியையும் வாழ்வின் பகுதியாகக் கொண்ட இளைஞர் உள்ளத்திலே ஒரு கேள்வி எழவேண்டும். அமைதிச் சட்டம், வாய்ப்பூட்டுச் சட்டமாக மாறாதா? மாறும். மாறியும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து நயாகரா கவுண்டியிலே லாக்போர்ட் என்ற ஊர். காவல் தலைவரின் அனுமதி பெற்றால்தான் பொது இடத்திலே ஒலிபெருக்கி வைக்கலாம் என்று அவ்வூர் விதி. ஒரு சிறு மதப் பிரிவின் போதகருக்குத் தொடக்கத்திலே அனுமதி கிடைத்தது, பின்னர் மறுக்கப்பட்டது. 1948-இலே அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். எவ்வளவு உரக்க, எந்த நேரத்தில் என்று வரையறுக்காமல், யார் பேசலாம் என்பதை ஒரு காவல் அதிகாரியின் விருப்பத்துக்கு விடுவது தணிக்கை என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தப் போதகரின் மதத்திலே நமக்கு எள்ளளவும் நம்பிக்கை வேண்டாம். அவர் வென்றது நமக்கும் வெற்றி.

அடுத்த ஆண்டே, 1949-இலே, ட்ரென்டன் நகர வழக்கு. ஒலிபெருக்கி கட்டிய வண்டியிலிருந்து தொழிலாளர் தகராறு பற்றிப் பேசிய ஒருவர் தண்டிக்கப்பட்டார். அந்த விதி காதைத் துளைக்கும் ஓசையை மட்டுமே தடுக்கிறது என்று கூறி நீதிமன்றம் தண்டனையை ஏற்றது. மறுத்து எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் கூறிய காரணத்தை எண்ணிப் பாருங்கள்: செய்தித்தாளும் வானொலியும் சொந்தமாக வைத்திருப்பவனுக்கு ஒலிபெருக்கி வேண்டாம், அவை இல்லாத எளியவனுக்கு ஊரோடு பேச அதுவே வழி, அதைத் தடுத்தால், செல்வமுள்ளவன் கருத்து மட்டுமே ஊரிலே உலவும். பொன்னான கருத்து. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு, பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளின் சன்னலடியிலே அதே ஒலிபெருக்கி அலறினால்? நேரத்தை வரையறு, அளவை வரையறு, ஆனால் கருத்தைத் தொடாதே — இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் படித்தால் தெரியும் நெறி அது.

இந்த நெறியைச் சிறியவன் மீது செலுத்துவது எளிது. வானத்திலே பறப்பவன் மீது?

1946-இலே வட கரோலினா மாநிலத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கில்ஃபோர்ட் கவுண்டியிலே சிறு நிலத்தில் கோழி வளர்த்துப் பிழைத்த குடும்பம். அருகே விமான நிலையம், போர்க்காலம், இராணுவ விமானங்கள் வீட்டுக் கூரைக்கு 67 அடி உயரத்திலே இறங்கின. அதிர்ந்த கோழிகள் சுவரிலே மோதி மோதிச் செத்தன; ஏறத்தாழ 150 கோழிகள். தொழிலே போயிற்று, குடும்பத்துக்கு உறக்கமும் போயிற்று. நிலத்தை உழுதால்தான் ஆக்கிரமிப்பு என்பதில்லை, ஓசையாலும் ஒருவன் நிலத்தைப் பறிக்க முடியும், பறித்தால் இழப்பீடு தரவேண்டும் என்றது நீதிமன்றம். 1962-இலே இன்னொரு வழக்கு, பென்சில்வேனியாவின் அலெகெனி கவுண்டி மீது. இங்கே குற்றவாளிக் கூண்டிலே நின்றது கவுண்டியேதான்! பிட்ஸ்பர்க் விமான நிலையம் அதன் உடைமை; பாதையின் கீழே அகப்பட்ட வீட்டார் உறக்கமும் உடல்நலமும் கெட்டு வீட்டை விட்டே வெளியேறினர். கவுண்டி இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நாய் குரைத்தால் தண்டம் விதிக்கும் ஆட்சி, தன் விமானம் அலறினால் தானும் தண்டம் கட்டவேண்டும் என்பது எத்துணைச் சிறந்த நீதி!

ஆனால் இழப்பீடு வேறு, உறக்கம் வேறு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலுள்ள பர்பாங்க் நகரம், இரவு 11 முதல் காலை 7 வரை ஜெட் விமானம் கிளம்பலாகாது என்று விதி செய்தது. அந்த விதியால் தடைப்பட்ட அட்டவணை விமானம், ஞாயிறு இரவு செல்லும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக உச்ச நீதிமன்றம் வரை போராடினார்கள். 1973-இலே ஐந்துக்கு நான்கு என்று நகரம் தோற்றது. வானம் நடுவண் அரசுக்கு உரியது. உள்ளூர் விதி அங்கே எட்டாது. எதை எடுத்துக்காட்டித் தோற்கடித்தார்கள் தெரியுமா? 1972-இலே மக்களை ஓசையிலிருந்து காப்பதற்கென்று இயற்றிய நடுவண் ஓசைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் சேர்த்துக் காட்டித்தான்! காக்க வந்த சட்டமே காவலைப் பறித்தது.

சிறுவர் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மான்ஹாட்டனிலே 98-ஆம் எண் பொதுப் பள்ளி. பக்கத்திலே உயர்பாதை இரயில். நாலரை நிமிடத்துக்கு ஒன்று. இரயில் வந்தால் ஆசிரியர் வாய் மூடவேண்டும். போனபின் விட்ட இடத்தைத் தேடவேண்டும். இரவு அமைதி நேரம் பற்றிய விதியெல்லாம் இங்கே எதற்குப் பயன்? இது பகல்! ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் பாதையோரத்து வகுப்புக் குழந்தைகளையும் மறுபுறத்து வகுப்புக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். 1975-இலே முடிவு வெளிவந்தது. ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள், இரைச்சல் பக்கத்துக் குழந்தைகள் படிக்கும் திறனிலே ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். அதே பள்ளி, அதே பாடம். சுவரின் எந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள் என்பதே வேறுபாடு. பிள்ளை பின்தங்கினால் தலையெழுத்து என்பார்கள், குலத்து இயல்பு என்பார்கள். அந்தத் தலையெழுத்தை எழுதியது தண்டவாளம்! தண்டவாளத்தின் கீழே இரப்பர் அட்டை வைத்தார்கள். வகுப்பறைக் கூரைக்கு ஒலி விழுங்கும் பலகை அடித்தார்கள். 1981-இலே மீண்டும் சோதித்தபோது, இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாகப் படித்தனர்.

அந்த ஆண்டு இன்னொன்றும் நிகழ்ந்தது. நடுவண் அரசின் ஓசைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பணம் வேண்டாம் என்று ரீகன் ஆட்சி முடிவெடுத்தது. 1982-இலே அலுவலகம் மூடப்பட்டது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. ஏட்டிலே இருக்கிறது, கையில்லாமல். சுமை முழுவதும் நகரங்கள் மீதும் கவுண்டிகள் மீதும் விழுந்தது. வளமான கவுண்டி கருவி வாங்கி, ஆளை அமர்த்தி, அளக்கிறது. வறிய கவுண்டியிலே, அளக்க ஆளில்லாமல், காவலர் காதுதான் சட்டம். அந்தக் காதுக்கு எந்தத் தெருவின் இசை ‘இரைச்சலாக’ப் படும் என்பது வேறு கேள்வி.

புளோரிடாவிலே நடந்ததைக் கேளுங்கள். காரிலே போடும் பாட்டு 25 அடி தூரத்திலே தெளிவாகக் கேட்டால் குற்றம் என்று அம்மாநிலச் சட்டம். வணிகத்துக்கும் அரசியலுக்கும் ஒலிபெருக்கி கட்டிச் செல்லும் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு! விற்பனைக் கூவல் அதே 25 அடியிலே கேட்டால் ஓசையன்று. பாட்டு கேட்டால் குற்றம். பினெல்லாஸ் கவுண்டியிலே தண்டச் சீட்டு பெற்றவர்கள் வழக்காடினார்கள். 2012 டிசம்பரிலே மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஓசையை அளக்காமல், ஓசைக்கு உரியவன் யார் என்று பார்த்ததே அதன் குறை.

இந்த நாடுகளின் விதிகளையெல்லாம் இந்திய உச்ச நீதிமன்றம் 2005-ஆம் ஆண்டிலே எடுத்துவைத்துப் படித்தது. ஒலிமாசு பற்றிய தீர்ப்பிலே, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய நாடுகளின் சட்டங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. அந்த வழக்கு எப்படித் தொடங்கிற்று என்பதும் அத்தீர்ப்பின் முதற்பகுதியிலேயே இருக்கிறது. 1998 ஜனவரியிலே ஏட்டில் வந்த செய்தி. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். உதவி கேட்டு அவள் கதறினாள். அக்கம்பக்கத்திலே ஒலிபெருக்கி பாட்டை முழக்கிக்கொண்டிருந்தது. கதறல் எவர் காதிலும் விழவில்லை. அன்று மாலை அவள் தீயிட்டுக்கொண்டு இறந்தாள்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் விதி, அடிபடும் பெண்ணின் அலறலைத் தொல்லை என்றது. இங்கே அலறல் தொல்லையாகக் கூட இல்லை, எவருக்கும் கேட்கவேயில்லை.

அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து ஒரு வழக்கு அந்த மன்றத்துக்குப் போயிருந்தது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி மக்கள், அங்குள்ள கிறித்தவ சபையொன்றின் முரசும் ஒலிபெருக்கியும் தாங்காமல் தொடுத்த வழக்கு. மத உரிமை என்று சபை வாதாடிற்று. அயலார் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்துத் தொழவேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்றது நீதிமன்றம். கோயிலுக்கும், பள்ளிவாசலுக்கும், தேவாலயத்துக்கும் பொருந்தும் சொல். அதே 2000-இலே வந்த இந்திய ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியிலே ஒலிபெருக்கி கூடாது என்றன.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் அதே 45! ஏட்டளவிலே நாம் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் 2002-இலே ஒரு திருத்தம் சேர்ந்தது: பண்பாட்டு, மத விழாக்களுக்காக, ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம். 2005 அக்டோபரிலே உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லும் என்றும் கூறிவிட்டது. எந்தப் பதினைந்து இரவுகள் என்பதை மாநில அரசு தேர்ந்தெடுக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவனையோ, காய்ச்சலிலே கிடக்கும் கிழவியையோ, விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கறக்கப் போகிறவனையோ அதற்கு யாரும் கேட்பதில்லை.